பொன்னாடை ஏறாத மேடை

எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஒவ்வொரு கணினியும் பொன்னாடை போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். சிவப்பு, பச்சை, ஊதா என்று எல்லா நிறத்திலும், கரையில் பொய் ஜரிகை மினுங்க. கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொன்னாடை உண்டு. வாங்கியவர்களில் பாதிப் பேர் அதை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். மறந்துவிட்டு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அப்படிச் சேர்ந்ததையெல்லாம் ஆய்வக உதவியாளர் அள்ளிவந்து, தூசி படியாமல் இருக்கட்டும் என்று கணினிகளுக்குப் போர்த்திவிடுவார். நான் அங்கே பொருளாதாரம் நடத்த வந்த புதிதில் பார்த்துச் சிரித்தேன். பிறகு அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

மறுபடியும் அதைப் பார்க்க வைத்தவள் உலகத்தின் வடகோடியில், பனி கொட்டும் ஊரில் இருந்த ஒரு மாணவி.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் கல்லூரியும் சேர்ந்து இணையவழியில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு நடத்துவதாக ஒப்பந்தம் ஆகியிருந்தது. பன்னாட்டு அளவில் நீடித்த வளர்ச்சி என்பது பாடம். இதற்கு முன்னும் எங்கள் கல்லூரி வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போட்டதுண்டு. கையெழுத்துப் போடுவதைப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டுவதோடு அவை முடிந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "இதுவும் படம் மாட்டுறதோட சரியா, இல்ல ஏதாவது நடக்குமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். முதல்வர் என்னைச் சாவகாசமாகப் பார்த்தார். "நீங்கதான் நல்லாக் கேள்வி கேக்கியள்லா, நீங்களே நடத்துங்க" என்றார். அன்றிலிருந்து நான் ஒருங்கிணைப்பாளர்.

கௌரவ விரிவுரையாளர் என்பது என் பதவியின் பெயர். கௌரவம் பெயரோடு சரி. வேலை ஏப்ரலில் முடிந்துவிடும். ஜூனில் மறுபடி ஆணை வந்தால் உண்டு, வராவிட்டால் தச்சநல்லூரில் வீட்டில் உட்கார்ந்து குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்க வேண்டியதுதான். பொருளாதாரத்தில் சேரும் பிள்ளைகளோ வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் முதல்வர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கூட்டுப் படிப்பை ஒரு பருவம் சோதனைக்கு நடத்துவார்கள். முடியும்போது அங்கிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் படிப்பு தொடரும், நானும் தொடர்வேன். இல்லையென்றால் எனக்கு அடுத்த ஜூன் கிடையாது. எப்படியானாலும் ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியவர் கல்லூரிச் செயலர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வண்ணார்பேட்டையில் இரும்புச் சாமான், பெயிண்டு, குழாய் விற்கும் பெரிய கடை அவருடையது. அண்ணாச்சிக்குப் பொன்னாடை என்றால் உயிர். ஆசிரியர் அறையில் அவருக்குப் பொன்னாடை அண்ணாச்சி என்றே பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று இப்போது சொல்லப்போவதில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் நேரலை வகுப்பு. அவர்களுக்கு அது முற்பகல். அவர்கள் சன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ கொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் மின்விசிறி கடகடவென்று சுற்றும். அந்தப் பக்கத்துப் பேராசிரியை அறுபதை நெருங்கிய அம்மையார், நிதானமானவர், எங்கள் பிள்ளைகளின் பெயர்களை முதல் வாரத்திலேயே சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். மேல்மடைக்காரர், கடைமடைக்காரர் என்று ஒரு ஆற்றை நாடுகள் பங்கு போடும் கதையை அவர் நடத்தியபோது, எங்கள் பிள்ளைகள் தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, வகுப்பு முடிந்தும் நிறுத்தவில்லை. அணையில் தண்ணீர் திறந்ததும் எந்த ஊரில் யார் யாரோடு சண்டை போடுவார் என்பதுவரை சொல்லிவிட்டார்கள். அம்மையார் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு குழு வேலை கொடுத்தார். எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு. உங்கள் கல்லூரியில் எல்லோரும் ஆசையாகச் செய்கிற, ஆனால் பொருளை வீணாக்குகிற ஒரு பழக்கத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு பருவம் முழுக்க அதை நிறுத்திக் காட்டுங்கள். என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். ஒரு பக்கம் தவறினால் குழு முழுவதும் தவறியதாகக் கணக்கு.

முதல் குழுவில் எங்கள் பக்கத்துத் தலைவி மேலப்பாளையத்துப் பெண், வணிகவியல் படிப்பவள். அவளுடைய வாப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆய்வகத்தில் அவள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பனி ஊர் மாணவி கேட்டாள்.

"உன் பின்னால் இருக்கும் கணினிகள் ஏன் அரச குடும்பம் மாதிரி உடுத்தியிருக்கின்றன?"

இவள் திரும்பிப் பார்த்துவிட்டு விளக்கினாள். விருந்தினர்களுக்கு மேடையில் சால்வை போர்த்துவது எங்கள் வழக்கம் என்றாள்.

"உங்கள் ஊரில் குளிர் அதிகமா?"

"குளிரே கிடையாது."

"அப்படியானால் அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்வார்கள்?"

"போட்டுக்கொள்ள மாட்டார்கள். வாங்கி மடித்து வைத்துவிடுவார்கள்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலப்பாளையத்துப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு யோசனை பிடிபட்டுவிட்டது தெரிந்தது. பருவம் முடியும்வரை எங்கள் கல்லூரி மேடையில் ஒரு பொன்னாடைகூட ஏறாது என்று அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்து இரண்டு பேர் தங்கள் துறைக் கூட்டங்களில் காகிதக் கோப்பையை நிறுத்துவதாக எழுதினார்கள். வீட்டிலிருந்து கோப்பை கொண்டுவா என்றால் அவர்கள் ஊரில் கொண்டுவந்துவிடுவார்கள், அவ்வளவுதான் விஷயம். எழுதி முடித்த பிறகு அந்த மாணவி மட்டும் ஒன்று கேட்டாள். "நல்ல முடிவு. ஆனால் சால்வையை நிறுத்திவிட்டால் மரியாதையை எதில் வைத்துக் கொடுப்பீர்கள்?"

"அது பெரிய விஷயமில்லை, பார்த்துக்கொள்வோம்" என்றாள் எங்கள் பெண்.

பெரிய விஷயமில்லையா! முதல் விழா தமிழ்த் துறையுடையது. முதல்வர் சுற்றறிக்கை விட்டிருந்தார், பொன்னாடை கூடாது என்று. தமிழ்த் துறையில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, விருந்தினருக்குப் பெரிய கதர்த் துண்டாகப் போர்த்திவிட்டார்கள். மேடை இறங்கியதும் எங்கள் பெண் போய்க் கேட்டாள். "பொன்னாடைதானம்மா கூடாதுன்னிய? இது துண்டுல்லா" என்றார் பேராசிரியர், சட்டம் படித்தவர் போல. அடுத்தது நாட்டு நலப்பணித் திட்டம். அவர்கள் மரக்கன்று கொடுத்தார்கள், ஒவ்வொன்றும் கறுப்பு பிளாஸ்டிக் பையில். சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர் அதை என்ன செய்வார்? நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். கார் கொட்டகைக்குப் பின்னால் வேம்பும் புங்கனுமாக ஒரு குட்டிக் காடே சேர்ந்துவிட்டது. வணிகவியல் துறை புத்தகத்துக்குப் போனது. மினுமினுப்புக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பூ. எல்லோருக்கும் ஒரே புத்தகம், வெற்றி பெறுவது எப்படி என்ற வகை.

எனக்குத் தலைக்கு ஏறியது. "இந்தக் கையில ஒண்ணும் இல்லாம மேடைக்கு ஏறவே தெரியாதா நம்ம ஆட்களுக்கு?" என்று ஆய்வகத்தில் கத்தினேன். எங்கள் பெண் கத்த மாட்டாள். நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"மேடம், நாம ஒண்ண எடுத்துட்டு அந்த எடத்துல எதையும் வைக்கல. அதான் ஆளாளுக்கு எதையாவது கொண்டாந்து வைக்காவ."

அவள்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். மரியாதை செய்ய வேண்டிய ஆளைப் பற்றி, அவரை உள்ளபடியே தெரிந்த ஒருவர் மேடையேறி, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பட்டம், பதவி, அடைமொழி எதுவும் கூடாது. ஒரு காரியம், அவ்வளவுதான்.

முதலில் அதைச் செய்து பார்த்தது ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்ற அன்றைக்கு. விடுதிச் சமையல்கார அக்காள் மேடையேறினார். ஆற்றில் வெள்ளம் வந்து விடுதிக்குள் தண்ணீர் புகுந்தபோது, இவர் அரிசி மூட்டைகளைத் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றியதைச் சொன்னார். "எதுக்கு அண்ணே இவ்வளவு பாடுன்னு கேட்டேன். எனக்கு நீச்சல் தெரியாதும்மா, வெறுங்கையோட மேல ஓடுனா பயந்து ஓடுதான்னு நெனப்பாங்கல்லா, அதான் மூட்டையோட ஓடுதேன்னாரு" என்று முடித்தார். அரங்கமே சிரித்தது. உதவியாளர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்த பிறகு ஒவ்வொரு துறையும் அந்த வழிக்கு வந்தது. யாரை யார் பேசுவது என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது. எனக்கு அந்தப் பருவம் போல் கல்லூரி எப்போதும் பிடித்ததில்லை, அதைச் சொல்லிவிடத்தான் வேண்டும்.

அந்த ஓய்வு விழாவில் அண்ணாச்சியும் மேடையில் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெறுங்கழுத்து. கைதட்டினார்.

பருவம் முடிய ஒரு வாரம் இருந்தபோது வெளிநாட்டு விருந்தினர்கள் வரும் நாள் முடிவானது. அம்மையாரோடு அவர்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக் கூட்டுறவுகளைக் கவனிக்கும் தலைவரும் வருகிறார், படிப்பு தொடருமா இல்லையா என்று முடிவு செய்வது அவர்தான் என்றார்கள். மறுநாளே அண்ணாச்சியிடமிருந்து முதல்வருக்குப் போன் வந்தது. விருந்தாளிகளுக்கு நல்லதாகப் பட்டுக்கரை வைத்த பொன்னாடை வாங்கச் சொல்லிவிட்டார். மேடையில் விருந்தாளிக்குப் போட்டால் செயலருக்கும் போட வேண்டும், அது சொல்லாமலே தெரியும்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டார். "நீங்களே போய்ப் பேசிருங்க" என்றார். அவருக்குப் பேசப் பயம். எனக்கும்தான். போர்த்தினால் பிள்ளைகள் தோற்பார்கள். தோற்ற படிப்பை யார் தொடர்வார்கள்? போர்த்தாவிட்டால், என் ஆணையில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதரின் மனம் கசக்கும். எந்தப் பக்கம் போனாலும் என் ஜூன் மாதம் ஆட்டம் கண்டது.

வண்ணார்பேட்டைக் கடையில் பேருந்துகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர், ஏன் நிக்கிய, அங்கன இருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். காப்பி வரவழைத்தார். நான் குடிக்குமுன்பே ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் எழுதிக் கொடுத்த வாக்கு, அந்தப் பக்கத்து இரண்டு பேர், ஒருவர் தவறினாலும் எல்லோரும் தவறியதாகும் விதி என்று எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் ஒரு வாரம்தான் அண்ணாச்சி, அதற்கு அப்புறம் எத்தனை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளலாம் என்று சொல்ல வந்து, நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முழுக்கக் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நான் எத்தன வருசமா அந்த மேடையில ஏறுதேன். எனக்கு மைக்கப் பிடிச்சிப் பேசத் தெரியாது. நீங்கள்லாம் இங்கிலீசுல பேசுவிய, நான் சிரிச்சமானிக்கு உக்காந்திருப்பேன். எதுக்குச் சிரிக்கேன்னு எனக்கே தெரியாது. கடைசியில ஒரு பொன்னாட போடுவாவ பாத்தியளா, அந்த ஒரு நிமிசந்தான் எனக்கும் அந்த மேடைக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணும்."

ஆசிரியர் அறையில் நாங்கள் அடித்த கிண்டலெல்லாம் காதுக்குள் கேட்டது.

"ஒங்க பிள்ளையளு செய்யுதது நல்லாத்தான் இருக்கு" என்றார். "அந்தச் சமையக்காரப் பிள்ள பேசுனது என் மனசவிட்டுப் போகல. ஆனா என்னயப் பத்திப் பேச ஒருத்தரு ஏறுனா என்னத்தச் சொல்லுவாவ? கட்டடத்துக்குக் காசு குடுத்தாருன்னு சொல்லுவாவ. வேற என்ன இருக்கு சொல்ல? பொன்னாடைக்கு அந்தச் சங்கடம் கெடையாது. ஆளத் தெரிஞ்சிருக்க வேண்டாம், சும்மா போட்டுட்டுப் போயிரலாம்."

இதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு குழாயின் அளவைச் சொல்வது போலச் சொன்னார். நான் வாதாடத் தயாராக வந்திருந்தேன். வாதாட எதிரில் ஒன்றுமே இல்லை.

"சரி, பாப்போம்" என்றார்.

எங்கள் ஊரில் பார்ப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். சில நேரம், சொல்கிறவர் முகத்தைப் பொறுத்து, அது மாறுவதும் உண்டு. அவர் முகமோ பெயிண்டு டப்பாக்கள் பக்கம் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்து டியூஷனுக்குப் பிள்ளைகள் கிடைப்பார்களா என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்தேன்.

விருந்தினர்கள் வந்த நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மையார் பருத்தி உடையில் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஒரு பருவம் முழுக்கத் திரையில் தோளுக்கு மேல் மட்டுமே பார்த்த மனிதர், நேரில் அவ்வளவு உயரமாக இருப்பார் என்று யார் கண்டது? தலைவர் நரைத்த முடிக்காரர், பொறுமையாகச் சிரிப்பவர். காலையில் பிள்ளைகள் அவர்களை ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். ஏப்ரலில்கூட இதில் தண்ணீர் ஓடுகிறதே என்று தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்துறையில் முழங்கால்வரை இறங்கி நின்றார். கால்சட்டை நனைந்தபடியேதான் விழாவுக்கு வந்தார்.

விழாவில் என் கண்ணெல்லாம் அண்ணாச்சியின் மேலேயே இருந்தது. அவருடைய கடை ஆள் ஒருவர், வெள்ளைத் துணி மூடிய பெரிய தாம்பாளத்தை மேடை ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பெண் முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் மேடையில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தேன்.

அண்ணாச்சி எழுந்து துணியை எடுத்தார். உள்ளே பனையோலைப் பட்டைகளில் நுங்கு. வெட்டி, பதனீர் ஊற்றி, தயாராக. ஆளுக்கு ஒரு பட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "குடிங்க, வெயிலுக்கு நல்லது" என்றார். தலைவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் சட்டையில் கொட்டிக்கொண்டார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்ப்போம் என்று சொன்ன மனிதர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று நெஞ்சு நிறைந்தது.

அந்த நிறைவு பத்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

தலைவர் பேச எழுந்தார். தமிழ்நாட்டுக்கு வருமுன் உங்கள் வழக்கங்களைப் பற்றித் தேடிப் படித்தேன் என்றார். மதிப்புக்குரியவருக்கு மேடையில் சால்வை அணிவிப்பது இங்கே மிக உயர்ந்த மரியாதை என்று அறிந்தேன் என்றார். பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆழ்ந்த நீல நிறத்தில், கையால் பின்னிய கம்பளிச் சால்வை ஒன்று வெளியே வந்தது. அவருடைய மனைவி குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னியதாம். அதை விரித்துக்கொண்டு அண்ணாச்சியை நோக்கி நடந்தார்.

நான் அம்மையாரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது. குழு வேலையெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தலைவரிடம் அவர் சொல்லவில்லை. தலைவரும் தன் பரிசைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. முன்வரிசையில் எங்கள் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பருவம் கட்டிக்காத்தது, கடைசி வாரத்தில், முடிவு சொல்ல வந்தவர் கையாலேயே போகிறது.

அண்ணாச்சி எழுந்து நின்றார். அத்தனை வருடப் பழக்கம், கழுத்து தானாகக் கொஞ்சம் குனிந்தது. குனிந்த கழுத்து அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்தார். தலைவரின் இரண்டு கைகளையும் சால்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரும் வே" என்றார் தலைவரிடம். என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நான் சொல்லுதத அப்படியே இவருட்டச் சொல்லுங்க. இத நான் வாங்குனா இந்தப் பிள்ளையளு எழுதிக் குடுத்தது பொய்யாப் போயிரும். அங்கன அவுக ஊருல ரெண்டு பிள்ளையளு காகிதக் கப்பே தொடாம இருக்குதுகளாம். அதுகளும் தோத்துப் போயிரும். அதனால வேண்டாம்."

நான் மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னேன். அண்ணாச்சி விடவில்லை.

"இன்னொண்ணும் சொல்லுங்க. எனக்கு ஆச இல்லைன்னு நெனச்சிர வேண்டாம். ரொம்ப ஆச. இந்த மாதிரி ஒண்ண நான் வாங்குனதே இல்ல. வீட்டம்மாகிட்ட வருத்தப்பட வேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க."

ரொம்ப ஆசை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு நேரமாயிற்று. கண்ணில் நீர் வந்துவிட்டது, மேடையில், எல்லோர் முன்னாலும். மறைக்கவில்லை. பொன்னாடைக்காக உயிரை விடுவார் என்று நான் கேலி பேசிய மனிதர், வாழ்நாளிலேயே மிக நல்ல பொன்னாடையைக் கையால் தடுத்துக்கொண்டு நிற்கிறார்.

அம்மையார் எழுந்துபோய்த் தலைவரின் காதில் நடந்ததைச் சொன்னார். அவர் சால்வையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அப்படியானால் இவருக்கு நான் எப்படி மரியாதை செய்வது?" என்று கேட்டார். அதை நான் தமிழில் சொன்னதும், எங்கள் பெண் யாரையும் கேட்காமல் மேடையேறிவிட்டாள்.

"நான் சொல்லுதேன் மேடம்" என்று மைக்கை வாங்கினாள். "வியாழக்கெழம மத்தியானம் லேப்ல எத்தனையோ தடவ கரண்டு போயிருக்கு. ஒரு வகுப்புகூட நின்னதில்ல. அன்னிக்கு லேப்ல இருக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும் காலேஜிது இல்ல, அண்ணாச்சி கடையில ஓடுதது. வியாழக்கெழம மட்டும் எங்க வாப்பா ஆட்டோவுல காலேஜிக்கு வரும், சாயங்காலம் திரும்பக் கடைக்குப் போகும். அதுவரைக்கும் கரண்டு போனா கடையில அண்ணாச்சி வேர்த்து வடிய உக்காந்திருப்பாங்க. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாப்பாகிட்டச் சொல்லிருந்தாங்க. வாப்பா என்கிட்ட மட்டும் சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த இன்வெர்ட்டர் கல்லூரிச் சொத்து என்றே நினைத்திருந்தேன். வகுப்பு தொடங்கும்போது வந்து முடிந்ததும் போய்விடும் எனக்கு, அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நான்தான் ஒருங்கிணைப்பாளர்.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். "இதெல்லாம் ஒரு காரியமா, இதப் போய்..." என்று முணுமுணுத்தார். தலைவர் நான் மொழிபெயர்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கைகுவித்து அவருக்கு ஒரு வணக்கம் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சமையல்கார அக்காள் பின்வரிசையில் எழுந்து நின்றே தட்டினார்.

படிப்பு தொடரும் என்று தலைவர் அன்று மாலையே முதல்வர் அறையில் சொல்லிவிட்டார். எத்தனையோ கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன், என் பரிசைத் திருப்பிக் கொடுத்த முதல் கல்லூரி இதுதான், இங்கே வேலை உண்மையாக நடக்கிறது என்றார். சால்வை அவர் பையிலேயே திரும்பிப் போயிற்று. கார் கிளம்பும்வரை அண்ணாச்சியின் கண் அந்தப் பையை விட்டு அகலவில்லை என்பதை நான் கவனித்தேன். பாவமாக இருந்தது. அதே சமயம் அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

ஜூனில் எனக்கு ஆணை வந்தது. தச்சநல்லூரில் டியூஷனுக்குச் சொல்லிவைத்த வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் வேலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி. கல்லூரிக்குச் செயலராக வந்த நாளிலிருந்து அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. செருப்பை வெளியே விட்டிருந்தார், கோயிலுக்கு வந்தவர் போல.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். சிரிக்கப்பிடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"இந்தப் படிப்புக்கு எதுவரைக்கும் படிச்சிருக்கணும்?"

"யாருக்கு அண்ணாச்சி?"

அவர் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"எனக்குத்தான். அந்த மேடையில அவுக பேசுனது ஒண்ணும் வெளங்கல. வெளங்கிக்கிடணும்னு இருக்கு. எட்டாங்கிளாசு வரைக்கும் போனேன், அதுவும் பரீச்ச எழுதல. சேத்துக்கிடுவாவளா?"

"சேத்துக்கிடுவாவ" என்றேன், யோசிக்காமல்.

"இங்கிலீசு?"

"பிள்ளையளு பக்கத்துல இருந்து சொல்லிக் குடுப்பாங்க. நானும் இருக்கேன்."

அவர் முகம் மலர்ந்தது. எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று கேட்டார். வகுப்பு ஆரம்பிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது அண்ணாச்சி என்றேன். இருக்கட்டும், சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைகளை மேசைமேல் வைத்து இருந்துவிட்டு, கடைக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார்.

எதுவரைக்கும் படித்திருக்க வேண்டும் என்று விதிமுறைகளை நான் எடுத்துப் பார்த்தது அவர் போன பிறகுதான்.